டவுன் சிண்ட்ரோம் உள்ளவரிடம் பொருளைக் காட்டிப் பேசுங்கள்

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையிடம் எதையாவது சொல்லும்போது டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே இருந்து, அந்தப் பொருளைக் காட்டியபடி ஒரே ஒரு சிறு வாக்கியம் சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் காத்திருங்கள். பதில் வருவதற்குள் வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால், அவர் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். பாவம், நம்மில் பலர் இதைத்தான் செய்கிறோம்.

இவர்களுக்குக் காதுக்குழாய் குறுகலாக இருப்பதும் நடுக்காதில் நீர் தேங்குவதும் அதிகம்; பேச்சு மங்கலாகக் கேட்கலாம். காதில் விழுந்த சொல்லைவிடக் கண்ணால் பார்த்தது மனதில் நன்றாக நிற்கும். அதனால் உணவங்காடி இரைச்சலில் "மீ கோரெங்கா, நாசி லெமாக்கா?" என்று கேட்பதைவிட, கடைப் பலகையில் உள்ள படங்களைத் தொட்டுக் கேளுங்கள்.

திடீரென்று வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்பதுபோல் தெரிந்தால் இந்த உத்தி போதாது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற வேறொரு பிறவி மரபணுக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இதை அப்படியே செய்யாதீர்கள். அவர்களில் பலருக்குக் கேட்ட சொல்தான் நன்றாக நினைவில் நிற்கும், ஆனால் சத்தம் தாங்காது. அவர்களிடம் மெதுவான குரலில் சொன்னாலே போதும்.