இன்சுலின் பேனா: டோஸைக் கூட்டும் முன் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள்

அதே டோஸ், ஏறக்குறைய அதே சாப்பாடு. சுகர் மட்டும் ஒரு நாள் 130, மறுநாள் 260. இப்படி ஏறி இறங்கினால் டோஸ் போதவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். விரல் நுனியில் சோப்பு நுரை தொட்டுக்கொண்டு, வழக்கமாக ஊசி போடும் இடத்தை மெதுவாக அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சுற்றியுள்ள சதையைவிடத் தடிப்பாகவோ ரப்பர் போலவோ ஓரிடம் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் கொழுப்புக் கட்டி. கண்ணுக்குத் தெரியாத கட்டிகூட விரலுக்குச் சிக்கும்.

இன்சுலினுக்குக் கொழுப்பை வளர்க்கும் குணம் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அங்கே கட்டி வளரும். கட்டியில் வலி குறைவு என்பதால் கை தானாக அங்கேதான் போகும். ஆனால் அங்கே போட்ட மருந்து ஒரு நாள் குறைவாக ரத்தத்தில் சேரலாம், இன்னொரு நாள் தாமதமாகச் சேரலாம். கட்டி உள்ள இடத்தை விட்டுவிடுங்கள். கரையச் சில மாதங்கள் ஆகும். ஒரு எச்சரிக்கை: நல்ல இடத்துக்கு மாறியதும் அதே டோஸ் முழுதாக வேலை செய்து சுகர் தாழ்ந்துவிடலாம். மாறுவதற்கு முன்பே டோஸைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முதல் சில நாட்கள் அடிக்கடி சுகர் பாருங்கள்.

வயிற்றை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். தொப்புளைச் சுற்றி மூன்று விரல் அகலம் விட்டுவிடுங்கள். முந்தைய ஊசியிலிருந்து ஒரு விரல் தள்ளி அடுத்தது. தொடையில் என்றால் மேல்பகுதியின் வெளிப்பக்கம்.

போடும் முறைக்கு வருவோம். இரண்டு பேனா வைத்திருப்பவர்கள் முதலில் பெயரைப் படியுங்கள். இரவுக்கானதற்குப் பதில் சாப்பாட்டு இன்சுலினைப் போட்டுவிடுவது மிகவும் ஆபத்தான தவறு. ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டால் இருட்டிலும் கை கண்டுபிடித்துவிடும். பால்போல் கலங்கலான வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி, 10 முறை தலைகீழாகச் சாய்த்து எடுங்கள். குலுக்கினால் குமிழி வரும். தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

புது ஊசியை நேராகத் திருகி, இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். 2 யூனிட் திருப்பி, ஊசி மேலே பார்க்கப் பிடித்து அழுத்துங்கள். நுனியில் சொட்டு வர வேண்டும். வராவிட்டால் மறுபடி செய்யுங்கள். பல முறை செய்தும் வரவில்லை என்றால் ஊசியை மாற்றுங்கள். இதைத் தவிர்த்தால் காற்று இருப்பதால் மருந்து முழு அளவில் போகாமல் இருக்கலாம். பிறகு டோஸைத் திருப்பி, 4 மி.மீ. ஊசியானால் செங்குத்தாகக் குத்துங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் சதையைப் பிடிக்கத் தேவையில்லை. எண் 0 வந்ததும் எடுத்துவிடாதீர்கள். பட்டனை அழுத்தியபடியே 10 வரை எண்ணுங்கள். எடுத்த பிறகு நுனியில் தொடர்ந்து சொட்டினால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஊசியைப் பேனாவிலேயே விட்டு வைத்தால் காற்று புகும், மருந்து கசியும். கழற்றி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள்.

திறக்காத பேனா ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரியில். ஃப்ரீசர் அருகே வைத்து உறைந்துவிட்டால், உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் உள்ளது 30 டிகிரிக்குள் வெளியே இருக்கலாம். பல வகைகளுக்கு 28 நாள் கெடு, சிலவற்றுக்கு வேறு. உறையில் பாருங்கள், திறந்த தேதியைப் பேனாவிலேயே ஒட்டுங்கள்.

சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள்.

போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் இரண்டாம் முறை போடாதீர்கள். சுகரைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள்; சில மணி நேரம் சுகர் ஏறியிருப்பதைவிட இரட்டை டோஸ் ஆபத்து.