சொகுசுக் கப்பல் பயணத்தில் சாப்பாட்டுக்கு என்ன உடுத்தலாம்?

காலையிலும் மதியமும் பஃபேக்கு டி-ஷர்ட், அரைக்கால் சட்டை போதும். நீச்சல்குளத்திலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு மட்டும் போகாதீர்கள்.

இரவு உணவுக்கூடம்தான் விஷயம். காலர் வைத்த சட்டை, முழுக்கால்சட்டை, மூடிய ஷூ. பெண்களுக்கு நல்ல கவுனோ பேன்ட்-டாப்போ சரியாக இருக்கும். ஏசி குளிர் எலும்பைத் துளைக்கும், சால்வை அவசியம். 7 இரவுப் பயணத்தில் ஃபார்மல் நைட், அதாவது கோட், கவுன் என்று எடுப்பாக உடுத்தி வரும் இரவு, பெரும்பாலும் 1 அல்லது 2 வரும். கோட் மாட்டப் பிடிக்காதா? அன்றைக்குப் பஃபேயிலேயே சாப்பிடுங்கள், நான் அப்படித்தான்.

அப்புறம், அறையில் இஸ்திரிப்பெட்டி கூடாது, தீ பயம். கசங்காத துணியாக எடுங்கள். முதல் நாள் துணிப்பெட்டி அறைக்கு வரத் தாமதமாகலாம், அன்றிரவு உடுத்துவதைக் கைப்பையிலேயே வையுங்கள்.