கார் மானிட்டரைப் பொருத்தும் முன் மேசையிலேயே சோதிப்பது எப்படி

ஹெட்ரெஸ்டைப் பிரித்து, வயர்களை இழுத்து, எல்லாவற்றையும் மூடிய பிறகு மானிட்டர் எரியவில்லை என்றால், கோளாறு மானிட்டரிலா, வயரிலா, ஃபியூஸிலா என்று தேடவே அரை நாள் ஓடிவிடும். முன்கூட்டியே மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் மானிட்டர் மீதான சந்தேகமாவது தீரும்.

சோதனையில் பாதி வேலை சரியான மின்சாரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். சீரான வோல்ட் தரும் 12 வோல்ட், 3 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வகை அடாப்டர் நல்லது. 7 அங்குல எல்சிடி மானிட்டர் பொதுவாக 1 ஆம்பியருக்குள் இழுக்கும். டிவிடி பிளேயர் உள்ளேயே இருக்கும் மாடலோ, டிஸ்க் சுழலத் தொடங்கும்போது இன்னும் அதிகம் கேட்கும். வைஃபை ரூட்டரின் 1 ஆம்பியர் அடாப்டரில் அதை மாட்டினால் லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும். பழுது மானிட்டரில் இல்லை, அடாப்டரில்.

பேட்டரி சார்ஜரில் நேரடியாக மாட்டவே கூடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை சார்ஜரில் வோல்ட் சீராக வராது. உச்சத்தில் 16, 17 வோல்ட்டைத் தாண்டலாம். கம்ப்யூட்டர் பவர் சப்ளை பயன்படுத்தினால் வயர் நிறத்தில் கவனம் வேண்டும். அதில் மஞ்சள்தான் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். மானிட்டரின் சிவப்போடு அதன் சிவப்பைச் சேர்த்துவிட்டு ‘எரியவில்லையே’ என்று குழம்பவேண்டாம். லாரி, பஸ் பேட்டரி இணைப்பு 24 வோல்ட்டாக இருக்கும். மானிட்டரின் லேபிளில் 12 முதல் 24 வரை என்று இருந்தால் மட்டுமே அதில் மாட்டலாம்.

எந்த மின்சாரமாக இருந்தாலும் பிளஸ் வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பேட்டரி முனைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸ் இல்லாத மெல்லிய வயர் சில நொடியில் உருகித் தீப்பிடிக்கும். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமா? 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பிளஸ் வயரில் தொடராக இணையுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், 2 ஆம்பியருக்கு மேல் போகாது. சரியாக இருந்தால் பல்பு மங்கலாகவோ எரியாமலோ இருக்கும். அதன் பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரடியாக இணையுங்கள்.

இணைக்கும் முன் மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து மானிட்டரின் சிவப்பு, கறுப்பு வயர்களுக்கிடையே அளவெடுங்கள். எண் சிறிதாகத் தொடங்கி மெல்ல ஏறினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது என்று பொருள், பயமில்லை. பூஜ்ஜியத்திலேயே நின்றால் மின்சாரமே கொடுக்காதீர்கள். பிறகு அடாப்டர் முனையில் வோல்ட்டையும் பிளஸ், மைனஸையும் பாருங்கள். சிவப்பு என்றால் பிளஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், லேபிளையும் கையேட்டையும் ஒப்பிடுங்கள்.

இணைக்கும் வரிசை: முதலில் மைனஸ், அடுத்து வீடியோ கேபிள், கடைசியில் பிளஸ். கழற்றும்போது பிளஸ் முதலில். சுவர் பிளக்கில் ஓடும் டிவிடி பிளேயரின் ஆர்சிஏ முனையை (மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற வட்ட பிளக்) தொட்டால் சில சமயம் லேசாகச் சுரீர் என்னும். அந்தக் கசிவு மானிட்டரின் வீடியோ உள்ளீட்டைக் கெடுக்கலாம் என்பதால்தான் மின்சாரம் வரும் முன்பே கேபிளைச் செருகச் சொல்கிறோம். சும்மா தொங்கும் வயர் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்.

படம் வராமல் நீலத் திரை மட்டும் தெரிந்தால், மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது, சிக்னல்தான் வரவில்லை. ஏவி1, ஏவி2 மாற்றிப் பாருங்கள். மஞ்சள் பிளக் வெள்ளை சாக்கெட்டில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. படம் உருண்டாலோ கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ பால், என்டிஎஸ்சி என்ற வீடியோ முறை அமைப்பை மாற்றுங்கள். ரிவர்ஸ் கேமரா இருந்தால் அதையும் இப்போதே இணைத்து, ரிவர்ஸ் டிரிக்கர் வயரை 12 வோல்ட்டில் தொட்டால் திரை தானாக கேமராவுக்கு மாறுகிறதா, எடுத்தால் பழைய படத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். வலது கையை அசைத்தால் திரையின் வலப்பக்கம் அசைய வேண்டும். கேமராவைப் பார்த்து நின்று பாருங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தால் அது ரிவர்ஸுக்கான படம். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றால் வலம், இடம் குழப்பிவிடும். எழுத்துள்ள அட்டையைக் காட்டுவது எளிது, எழுத்து திருப்பித் தெரிந்தால் ரிவர்ஸ் அமைப்பு சரி.

கடைசியாக, 2 மணி நேரம் முழு வெளிச்சத்தில் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் தேறிய மானிட்டர் சூடேறிய பின் கோடு விழுவதும், பின்வெளிச்சம் துடிப்பதும் உண்டு. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒற்றை நிறத் திரைகளில் செத்த புள்ளிகளைத் தேடுங்கள். வோல்ட்டை மாற்ற முடிகிற பவர் சப்ளை இருந்தால் 11 வோல்ட்டிலும் 14.4 வோல்ட்டிலும் சிறிது நேரம் ஓட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது காரில் 13.8 முதல் 14.4 வரை வரும், நிறுத்திய காரில் பேட்டரி இறங்கினால் 12க்குக் கீழே போகும். ஓடும்போது மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். வெளிச்சம், ஒலி அமைப்புகள் நினைவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், மஞ்சள் நிற நிரந்தர 12 வோல்ட் வயர் தனியாக இருக்கும் மாடலா என்று கையேட்டைப் பாருங்கள். இருந்தால், சிவப்பை மட்டும் துண்டித்து மறுபடி சோதியுங்கள்.