ரூக்கி ரிசீவரின் முதல் ஆண்டு: எதை முதலில் கற்பிப்பது, எதை ஒத்திப்போடுவது

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரியிலிருந்து வரும் புதுமுகங்களை (ரூக்கிகளை) அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரல் இறுதியில் நடக்கும்; அதன் முதல் சுற்றிலேயே ஓர் அணி ஒரு வைட் ரிசீவரை (வீசப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவரை) தேர்ந்தெடுக்கிறது என்றால், அவருடைய வேகத்தின் மீதும் கைகளின் மீதும் யாருக்கும் ஐயம் இல்லை என்று பொருள். ஐயமெல்லாம் வேறு இடத்தில்தான் இருக்கும். கல்லூரி ஆட்டங்களில் அவர் பெரும்பாலும் உடல்வாகாலேயே எதிராளியை வென்றிருப்பார். எங்கே ஓட வேண்டும் என்பதைப் பக்கக்கோட்டிலிருந்து வரும் சைகையே சொல்லியிருக்கும். தொழில்முறை ஆட்டத்தில் அவர் ஒவ்வொரு முயற்சிக்கும் முன் வீரர்கள் கூடி நிற்கும் ஹடிலில் சொல்லப்படும் நீண்ட ஒரு சொற்கோவையைக் கேட்டு, அதிலிருந்து தனக்குரிய இரண்டு சொற்களைப் பிரித்தெடுத்து, முயற்சி தொடங்கும் கோட்டில் நின்றபடி எதிரணியின் தற்காப்பைப் படித்து, ஓடத் தொடங்கிய பிறகும் அதற்கேற்பத் தன் ரூட்டை (வகுத்த ஓட்டப் பாதையை) மாற்ற வேண்டியிருக்கும். இவ்வளவையும் ஒரே மூட்டையாகத் தலையில் ஏற்றினால் கால் தயங்கும். எந்த வேகத்துக்காக அவரை எடுத்தோமோ அந்த வேகம் களத்தில் தெரியாமலே போய்விடும். ஆகவே முதல் ஆண்டுக்கான திட்டத்தைத் தீட்டும்போது, எதையெல்லாம் ஒத்திப்போடலாம் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

முதல் முடிவு, அவர் நிற்கும் இடம். கோட்டின் மீதே நின்று, தன்னை மறிக்கும் தற்காப்பு வீரரான கார்னர்பேக்கின் கைகளை நேருக்கு நேர் சந்திக்கும் எக்ஸ், கோட்டிலிருந்து ஓரடி பின்வாங்கி நிற்பதாலும் ஸ்னாப்புக்கு (பந்து பின்னால் கொடுக்கப்பட்டு முயற்சி தொடங்கும் நொடிக்கு) முன் நகர முடிவதாலும் சற்று மூச்சுவிட இடம் கிடைக்கும் இசட், இருபுறமும் ஓட வாய்ப்புள்ள உள்பக்க ஸ்லாட் ஆகிய மூன்றும் அணியின் உத்திப் புத்தகமான ப்ளேபுக்கில் ஒரே பக்கத்தில் இருந்தாலும் மூன்று தனித்தனி வேலைகள். மே மாதப் புதுமுக முகாமிலேயே மூன்றையும் கற்பிக்க முயலும் பயிற்சியாளர்களை நான் ஏற்பதில்லை. ஓரிடத்தைக் கொடுத்து, அங்கிருந்து வரும் எந்த ஆட்ட உத்தியையும் யோசிக்காமல் ஓடும் நிலை வந்த பிறகே அடுத்த இடத்தைத் திறக்க வேண்டும். கல்லூரியில் அவர் நின்ற இடமே என்றென்றைக்கும் அவருடைய இடம் என்று முத்திரை குத்துவதும் தவறுதான். ஜஸ்டின் ஜெஃபர்சன் 2019இல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக) அணியில் பெரும்பாலும் ஸ்லாட்டில் ஆடியவர். 2020இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அவரை 22ஆவது தேர்வாக எடுத்தபோது, வெளிப்புறத்தில் அவரால் நிற்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் மாற்று வீரராக வந்து மொத்தம் 5 கேட்ச், அவற்றால் 70 யார்டு முன்னேற்றம் மட்டுமே எடுத்தவர், மூன்றாவது ஆட்டத்தில் டென்னசி டைட்டன்ஸுக்கு எதிராக 7 கேட்ச்களில் 175 யார்டு எடுத்தார். ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 1,400 யார்டு இருந்தது. அந்த இரண்டு வாரக் காத்திருப்பு அவருக்குக் கெடுதல் எதையும் செய்துவிடவில்லை.

இடம் முடிவானதும், கல்லூரி விதிக்கும் தொழில்முறை விதிக்கும் உள்ள வேறுபாடுகளை உடலில் பதிய வைக்க வேண்டும். கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் கேட்ச். என்எஃப்எல்லில் இரண்டு கால்களும் பட வேண்டும். கல்லூரியில் முழங்கால் தரையைத் தொட்டதும் அந்த முயற்சி முடிந்துவிடும். இங்கே எதிராளி தொடாதவரை எழுந்து ஓடலாம். கல்லூரி ஆடுகளத்தில், பந்தை வைக்கும் எல்லையைக் காட்டும் ஹாஷ் கோடுகளுக்கிடையே 40 அடி இடைவெளி இருப்பதால் பந்து ஓரத்தில் வைக்கப்படும்போது ஒரு பக்கம் வயல்வெளிபோல் விரியும். என்எஃப்எல்லில் அந்த இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான் என்பதால் பந்து எப்போதும் நடுவை ஒட்டியே இருக்கும், அவர் பழகிய அந்த அகலப்பக்கம் கிடைக்காது. எங்கே நிற்பது என்ற அவருடைய கண் அளவுகளெல்லாம் இதனால் மாறியாக வேண்டும்.

பந்துகூட வேறுதான். கல்லூரிப் பந்தில் இரு முனைகளிலும் வெள்ளைப் பட்டைகள் உண்டு. என்எஃப்எல் பந்தில் கிடையாது. 2021இல் ஐந்தாவது தேர்வாக சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு வந்த ஜமார் சேஸ், சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் அடுத்தடுத்துப் பந்தைத் தவறவிட்டபோது, பட்டைகள் இல்லாததால் பந்தைக் கண்ணால் பற்றுவது கடினமாக இருக்கிறது என்று சொன்னார். பலர் அதைச் சாக்குப்போக்கு என்று கேலி செய்தார்கள். எனக்கு அது நேர்மையான பதிலாகவே பட்டது. கண் பல ஆண்டுகளாக அந்தப் பட்டையின் சுழற்சியைத் தேடிப் பழகியிருக்கிறது, அதற்கு முந்தைய சீசன் முழுவதும் அவர் ஆடவும் இல்லை. அந்த ஆண்டு அவர் 1,455 யார்டும் 13 டச்டவுனும் (எண்ட் சோன் எனும் கடைசிப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) எடுத்துச் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதை வாங்கினார். பயிற்சியாளருக்கு இதில் கிடைக்கும் பாடம் எளியது: டிராஃப்ட் முடிந்த வாரமே ஒரு பை நிறைய என்எஃப்எல் பந்துகளை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இனி, அதிக நேரம் செலவிட வேண்டிய இடத்துக்கு வருவோம். புதுமுக ரிசீவர்களில் பலர் தடுமாறுவது பந்து கைக்கு வரும்போது அல்ல. ஸ்னாப்பிலிருந்து முதல் ஐந்து யார்டுக்குள்தான் அவர்கள் தோற்கிறார்கள். அந்த ஐந்து யார்டுக்குள் கார்னர் அவரைக் கையால் முட்டித் தடுக்க விதி அனுமதிக்கிறது. அதைத் தாண்டித் தடுத்தால் ஐந்து யார்டு தண்டனையும் தானாகவே ஒரு ஃபர்ஸ்ட் டவுனும் (பத்து யார்டு முன்னேற மீண்டும் நான்கு முயற்சிகள்) கிடைக்கும். ஆனால் தாண்டிச் சென்றால்தானே அந்தப் பயன்? பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் கையில் அது இரண்டரை வினாடி அளவுக்கே இருக்கும். அதில் ஒரு வினாடியைக் கார்னரோடு மல்லுக்கட்டிக் கழித்த ரிசீவர், அந்த முயற்சியைப் பொறுத்தவரை களத்திலேயே இல்லாதவர்.

அவருடைய கல்லூரி வீடியோவைப் போட்டு, பந்தையும் மற்ற வீரர்களையும் விட்டுவிட்டு, கால்களை மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆனதும் பலர் முன்காலைத் தூக்கி அதே இடத்தில் அல்லது அரையடி பின்னால் வைத்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். அவர்களுக்கே தெரியாத பழக்கம் இது. தன்னைவிட மெதுவான கார்னர்களுக்கு எதிராக ஆடியவரை இதனால் எந்த நட்டமும் வந்திருக்காது. திருத்தும் வழி நிற்கும் நிலையிலேயே இருக்கிறது: உடல் எடையின் பெரும்பகுதி முன்காலின் பெருவிரல் பகுதியில் இருக்க வேண்டும், பின்காலைச் சற்றே தூக்கினாலும் உடல் பின்னால் சாயக் கூடாது, நெஞ்சு முன் முழங்காலுக்கு மேலாக இருக்க வேண்டும். அந்த நிலையில் நிற்பவரால் பின்காலை முன்னே வைப்பதைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாது. பயிற்சிக்கு முன் பத்து, பின் பத்து என்று, பந்தே இல்லாமல், இந்த ஒரே ஓர் அடியை மட்டும் பல வாரங்கள் எடுக்கச் சொல்ல வேண்டும். சலிப்பான வேலைதான்; முதல் சுற்றில் தேர்வான இளைஞர் முகம் சுளிப்பார்; ஜூனில் இதை விட்டால் அக்டோபரில் உட்கார்ந்து திருத்த நேரம் கிடைக்காது.

அடுத்தது கை. கார்னரின் கை தன் நெஞ்சைத் தொடும் முன் அதைத் தட்டிவிடவும், தட்டிய அதே வீச்சில் தன் தோளைத் தாழ்த்தி அவரைக் கடக்கவும் வேண்டும். கடந்த பிறகு பக்கக்கோட்டை நோக்கி ஒதுங்கி ஓடிவிடக் கூடாது. உடனே உள்ளே திரும்பி, கார்னர் தன் முதுகுக்கு நேர்ப்பின்னால் வருமாறு அவருடைய பாதையை அடைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால்தான் பந்து விழுவதற்குக் கோட்டை ஒட்டி நான்கைந்து யார்டு இடம் மிஞ்சும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வீரர்களின் கூட்டு ஒப்பந்தப்படி, கோடைக்கு முந்தைய பயிற்சிகளில் ரிசீவரும் கார்னரும் கைகலந்து மோதும் ஒற்றைக்கொற்றைப் பயிற்சி அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே மே, ஜூன் மாதங்களை அடிவைப்புக்கும் கை வீச்சுக்கும் தனியே ஒதுக்கிவிட்டு, ஜூலை இறுதியில் முகாம் திறந்ததும் அணியின் ஆகச் சிறந்த கார்னரையே அவருக்கு எதிரே நிறுத்த வேண்டும். தோற்கட்டும். நாளொன்றுக்கு ஆறேழு முறை தோற்று, அன்று மாலையே அந்தக் கார்னரின் அருகில் உட்கார்ந்து வீடியோ பார்க்கும் ரூக்கிக்கு, பயிற்சியாளரிடம் கிடைக்காத பாடங்கள் கிடைக்கும். எந்த ரிலீஸை (கோட்டிலிருந்து புறப்படும் முறையை) கார்னர் முன்கூட்டியே கண்டுகொண்டார், எந்தத் தோளசைவு காட்டிக்கொடுத்தது என்பதெல்லாம் எதிரே நின்றவருக்குத்தான் தெரியும்.

ரூட்டுகளைப் பொறுத்தவரை, எல்லா ரூட்டுகளும் கிளைகளாக அடங்கிய முழு மரத்தையும் முதல் ஆண்டில் கேட்க வேண்டியதில்லை. நான்கைந்து போதும், ஆனால் அந்த நான்கைந்தும் ஒரே மாதிரி தொடங்க வேண்டும். நேராக ஓடும் கோ ரூட்டும், பன்னிரண்டு யார்டில் நின்று திரும்பும் கர்லும், அதே ஆழத்தில் உள்ளே வெட்டும் டிக்கும் முதல் பத்து யார்டு வரை வேறுபாடே தெரியாமல் இருந்தால், கார்னரால் ஊகிக்க முடியாது. ஆழம் பிசகக் கூடாது. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை விட்டுவிடுவார். பன்னிரண்டில் திரும்ப வேண்டியவர் பதினொன்றில் திரும்பினால், பந்து போய்ச் சேரும் இடத்தில் அவர் இருக்க மாட்டார், கார்னர் இருப்பார். பிறகு, எதிரணி பந்தைப் பிடித்துக்கொண்ட அந்த இன்டர்செப்ஷன் குவார்ட்டர்பேக்கின் கணக்கில் எழுதப்படும், நம்பிக்கை ரூக்கியின் கணக்கில் குறையும். மூன்றாவது முயற்சியில் எட்டு யார்டு தேவைப்படும்போது ஏழில் திரும்பி அழகாகப் பந்தைப் பிடிப்பவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். வழக்கமான பயிற்சி முடிந்த பின் குவார்ட்டர்பேக்கோடு தனியே கால் மணி நேரம் வீசிப் பழக வைப்பது, இவ்விஷயத்தில் எந்தக் கரும்பலகை வகுப்பையும்விட மேல்.

தற்காப்பைப் படிப்பது தாமதமாகக் கற்பிக்க வேண்டிய பாடம். தொடக்கத்தில் ஒரே கேள்வி போதும்: ஆழத்தில் நடுவே ஒரு சேஃப்டி (கடைசித் தற்காப்பு வீரர்) நிற்கிறாரா, இருவர் பிரிந்து நிற்கிறார்களா? அதற்கு ஸ்னாப்புக்கு முன்பும் ஸ்னாப்பான இரண்டாவது அடியிலும் சரியான விடை சொல்லத் தெரிந்த பிறகே, விடைக்கேற்ப ரூட்டை மாற்றும் உரிமையைத் தர வேண்டும். சீசன் தொடங்கிவிட்டால் பாடத்தை வாரத்துக்குள் பங்கிட வேண்டும். பல அணிகளில் புதன்கிழமை அடிப்படை ஆட்டங்கள், வியாழன் மூன்றாவது முயற்சிக்கானவை, வெள்ளி எண்ட் சோனுக்கு அருகிலானவை என்று திட்டம் பிரிந்தே வருவதால், ரூக்கிக்கும் அன்றன்றைய பங்கை அன்றைக்கே முடித்துவிடலாம்.

பந்தைத் தவறவிடுவது பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலும் கை கெட்டது அல்ல காரணம், தலை நிரம்பியிருப்பதுதான். சிறிய கல்லூரியொன்றிலிருந்து 1985இல் 16ஆவது தேர்வாக சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸுக்கு வந்த ஜெர்ரி ரைஸ், முதல் ஆண்டில் எளிய பந்துகளைத் தவறவிட்டுச் சொந்த ரசிகர்களிடமே ஏச்சு வாங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் ராம்ஸுக்கு எதிராக 10 கேட்ச்களில் 241 யார்டு எடுத்தவரும் அவரே. அடுத்த ஆண்டு 1,570 யார்டு. இடையில் அவருக்குப் புதிய கைகள் முளைக்கவில்லை. ஆகவே பந்து நழுவினால் பந்து வீசும் இயந்திரத்தின் முன் நூறு முறை நிறுத்துவதோடு, அந்த முயற்சியில் அவர் என்ன யோசித்துக்கொண்டிருந்தார் என்பதையும் கேட்க வேண்டும். "ரூட் சரிதானா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்ற பதில் வந்தால், குறைக்க வேண்டியது ப்ளேபுக்கின் அளவைத்தான்.

களத்தில் நிமிடங்கள் வேண்டும் என்றால், பந்தை ஏந்தி ஓடும் சக வீரருக்காக எதிராளியை மறிக்கும் தடுப்பாட்டம் கற்கட்டும். 2023இல் ஐந்தாவது சுற்றில், 177ஆவது தேர்வாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு வந்த பூகா நகுவா, 105 கேட்ச்களும் 1,486 யார்டும் எடுத்தார். யார்டுக் கணக்கில் அது புதுமுக ரிசீவர்களுக்கான சாதனை. அணியின் முதன்மை ரிசீவர் கூப்பர் கப் தொடைத் தசைக் காயத்தால் விலகியிருந்தபோது வாய்ப்பு வந்தது உண்மைதான். ஆனால் ஓட்ட ஆட்டத்தில், தற்காப்பின் நடுவரிசை வீரரான லைன்பேக்கரோடும் சேஃப்டியோடும் முட்டத் தயங்காதவர் என்பதால் அவரை எந்த ஆட்டத்திலும் வெளியே உட்கார வைக்க வேண்டியிருக்கவில்லை. தடுக்கத் தெரியாத ரூக்கி உள்ளே வந்தாலே பாஸ் வரப்போகிறது என்று எதிரணி புரிந்துகொள்ளும்.

ஆட்டத்தில் பயன்படுத்தும்போது, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். 1998இல் 21ஆவது தேர்வாக வந்த ராண்டி மாஸிடம் வைக்கிங்ஸ் அதிகம் கேட்டது ஆழமான ஓட்டத்தைத்தான். அருகில் கிறிஸ் கார்ட்டர் போன்ற மூத்தவர் இருந்ததால் நடுத்தர வேலைகளை அவர் பார்த்துக்கொண்டார். மாஸ் பிடித்தது 69 பந்துகள், டச்டவுன் 17. டச்டவுனில் அது இன்றும் புதுமுகச் சாதனை. மூத்தவரின் பங்கு களத்தோடு முடிவதில்லை. எப்போது தூங்குவது, எப்படிச் சாப்பிடுவது, செவ்வாய்க்கிழமை விடுமுறையில் என்ன செய்வது என்பதெல்லாம் அவரைப் பார்த்தே படியும். அணியில் அப்படி ஒருவர் இல்லையென்றால், குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ளும் முப்பது வயதுக்காரர் ஒருவரைத் தேடிச் சேர்ப்பது வீண் செலவல்ல.

உடலைப் பற்றி ஒன்று. முந்தைய ஆகஸ்டில் கல்லூரி முகாமில் தொடங்கி, சீசன், இண்டியானாபோலிஸ் தகுதிச் சோதனைகள், டிராஃப்ட், புதுமுக முகாம் என்று ஓய்வே இல்லாமல் வந்தவர் அவர். எதிரே 3 முன்னோட்ட ஆட்டங்களும் 17 சீசன் ஆட்டங்களும் இருக்கின்றன. முகாமின் முதல் வாரத்திலேயே முழு வேக ஓட்டங்களைக் குவித்தால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். ஒடெல் பெக்கம் 2014இல் அப்படிப்பட்ட காயத்தால் முதல் 4 ஆட்டங்களை இழந்தார். அன்றைய 16 ஆட்டச் சீசனில் மீதி 12 ஆட்டங்களில் 91 கேட்ச், 1,305 யார்டு, 12 டச்டவுன் எடுத்தார். அவசரப்பட்டு முன்கூட்டியே இறங்காமல் காத்திருந்ததால்தான் அந்தப் பன்னிரண்டு ஆட்டங்கள் கிடைத்தன என்றே நான் நினைக்கிறேன். நவம்பரில் கால் கனக்கத் தொடங்கும்போது, புதன்கிழமை ஓட்டங்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடலாம்.

மதிப்பிடும்போது யார்டைப் பார்க்காமல், எத்தனை முறை சரியான ஆழத்தில், சரியான நேரத்தில், ஆளில்லா இடத்தில் நின்றார் என்பதை எண்ண வேண்டும். பந்து வராத முயற்சிகளும் இதில் சேரும். வீரர்களின் புள்ளிவிவரங்களை வைத்து ரசிகர்கள் ஆடும் ஃபேன்டஸி லீக்கில் புள்ளி எண்ணுபவர்களுக்கு இது எரிச்சலூட்டும். தவான்டே ஆடம்ஸ் கிரீன் பே பேக்கர்ஸில் 2014இல் 446 யார்டு, கணுக்கால் காயத்தோடு ஆடிய 2015இல் 483 யார்டு மட்டுமே எடுத்தார்; கைவிடச் சொன்னவர்கள் ஏராளம். மூன்றாம் ஆண்டில் 997 யார்டும் 12 டச்டவுனும் வந்தன. ரூக்கி ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். முதல் சுற்று வீரர் என்றால், ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமையைப் பற்றி மூன்று சீசன்கள் முடிந்த பிறகுதான் அணி முடிவு சொல்ல வேண்டும். அவ்வளவு அவகாசத்தை விதியே கொடுத்திருக்கிறது.

கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் நடக்கும் சந்திப்பில் குறைகளின் நீண்ட பட்டியலை நீட்ட வேண்டாம். அவர் பிரஸ் கவரேஜில் (கார்னர் கோட்டிலேயே முட்டி மறிக்கும்போது) தோற்ற இருபது ஸ்னாப்களை ஒரே வீடியோவாக வெட்டிக் கொடுத்து, ஆறு வாரம் அதைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். ஏப்ரலில் திரும்பி வந்ததும், அந்த இருபதிலும் தன் முன்கால் எங்கே இருந்தது என்பதை அவரே எழுந்து நின்று விளக்கட்டும். அதன் பிறகு ஸ்லாட்டுக்கான பக்கத்தைத் திறக்கலாம்.