நடுராத்திரியில் தொய்ந்துபோகும் காற்று மெத்தை

கூடாரத்தில் விரிக்கும் என் காற்று மெத்தை நடுராத்திரிக்குள் தொய்ந்து, இடுப்பு தரையில் இடிக்க ஆரம்பித்தது. உடனே ஓட்டை என்று முடிவுகட்ட முடியாது. இரவு குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், மெத்தை கொஞ்சம் தளரும். வாயால் ஊதியிருந்தால் இன்னும் கூடுதலாகத் தளரும், மூச்சுக் காற்று வெதுவெதுப்பானது அல்லவா. ஆனால் வீட்டுக்குள் ஊதி வைத்தும் காலைக்குள் தட்டையாகிவிட்டது. சரி, கசிவுதான்.

முதலில் வால்வைப் பார்த்தேன். அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலே காற்று போகும். அது சுத்தமாக இருந்தது. அப்புறம் மெத்தையை நன்றாக ஊதி, சோப்பு நீரை ஸ்பாஞ்சால் பகுதி பகுதியாகத் தடவினேன். ஓரத்து ஒட்டுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் பொடிக் குமிழிகள் விடாமல் கிளம்பின. உடனே பேனாவால் வட்டம் போட்டேன். காய்ந்துவிட்டால் அந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாது.

காற்றை முழுக்க இறக்கி, அந்த இடத்தை எண்ணெய்ப் பசையைப் போக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, ஒட்டுத்துண்டை ஒட்டினேன். துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டும், கூர்மையான மூலைதான் முதலில் உரியும். மேலே கனமான புத்தகங்களை வைத்து இரவு முழுக்க விட்டேன். கசிவு நின்றது.

ஊதும் அளவிலும் விஷயம் இருக்கிறது. கல்லுமாதிரி ஊதினால் தூக்கமும் வராது, மெத்தைக்குள் காற்றறைகளைப் பிரிக்கும் உள்ளொட்டுகளும் இழுபடும். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு தரையைத் தொடாத அளவு போதும். ஊதிய மெத்தையை வெயிலில் போடவே கூடாது. காற்று விரிந்து உள்ளொட்டு பிரிந்து ஒரு புடைப்பு வந்துவிட்டால், எந்த ஒட்டுத்துண்டும் உதவாது.