பல வருடம் கழித்து உங்கள் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

2014இல் மகள் பிறந்த சில மாதங்களில் என் நிக்கான் டி90 கேமரா அலமாரிக்குள் போனது. திரும்ப வெளியே வந்தது 2021 கடைசியில். லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது, பேட்டரியில் சார்ஜே ஏறவில்லை, ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் பழைய படங்கள் பத்திரமாக இருந்தன. அவற்றில் அறுபதைப் பொறுக்கி லேப்டாப்பில் போட்டு, பத்திரிகைக்காக முப்பது வருடம் படம் எடுத்த ஒரு மூத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பொறுமையாகக் கடைசிப் படம் வரை பார்த்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "இதுல இப்ப எடுத்தது எது தம்பி?"

ஒன்றுகூட இல்லை. அதை அவரிடம் சொல்லும்போதுதான் நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதே எனக்குப் புரிந்தது. கருத்துக் கேட்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினாலும் என் மனது தேடியது "கை இன்னும் மறந்துபோகவில்லை" என்ற ஒரு வார்த்தையைத்தான். அதன் பிறகு என்னைப் போலவே குடும்பம், வேலை, உடல்நிலை என்று விட்டுவிட்டுத் திரும்பி வந்த நண்பர்கள் பலருடன் உட்கார்ந்து அவர்கள் படங்களைப் பார்த்திருக்கிறேன். செய்கிற தவறுகள் வேறு வேறாகத் தெரிந்தாலும் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஆறுதல் வேண்டுமென்றால் அதைத் தரும் நண்பரிடம் போய் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை, ஆனால் அதைப் போர்ட்ஃபோலியோவுக்குள், அதாவது காட்டுவதற்கென்று தேர்ந்தெடுத்த படத் தொகுப்புக்குள், ஒளித்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதல் தவறு நான் செய்ததேதான், பழைய படங்களை மட்டும் கொண்டுபோவது. 2011இல் எடுத்த படத்தைப் பார்த்து ஒருவர் "இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருக்கலாம்" என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு இன்று என்ன செய்ய முடியும்? நகர வேண்டிய ஆள் 2011இல் நிற்கிறார். உங்கள் இன்றைய கண் எதைப் பார்க்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இன்றைய படங்கள்தான் காட்டும். அதனால் யாரையும் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு மாதமாவது எடுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எடுத்தால் போதும், இருக்கிற கேமராவே போதும். அந்தப் படங்கள் பழையவற்றைவிடச் சுமாராகத்தான் இருக்கும், என்னுடையவை அப்படித்தான் இருந்தன, இருந்தாலும் அவற்றையும் காட்டுங்கள்.

இனி பழைய படங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீண்ட இடைவெளி விட்டவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் இது. நாம் விட்டுவிட்டுப் போன காலத்தின் ருசி அந்தப் படங்களில் அப்படியே உறைந்து கிடக்கும். 2008இலிருந்து 2012 வரை எல்லோரும் ஹெச்டிஆர் போட்டோம், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்த்தோம். மேகம் இரும்புத் தகடு மாதிரி இருக்கும், கோபுரத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டியிருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் பாட்டியின் குங்குமப் பொட்டு மட்டும் சிவப்பாக நிற்கும். நான்கு மூலையிலும் இருட்டு பூசியிருப்போம். இதை அப்படியே காட்டினால் பார்ப்பவர் எடிட்டைத் தாண்டிப் படத்துக்குள் போகவே மாட்டார். உங்களுக்குக் கிடைக்கும் கருத்து முழுக்கச் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியைப் பற்றியதாக இருக்கும், படத்தில் நிற்கும் மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் இருந்தால் திரும்ப உட்கார்ந்து எடிட் பண்ணுங்கள். லைட்ரூம் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2012இல் லைட்ரூம் 4 வந்தபோது படத்தைக் கையாளும் முறையையே மாற்றினார்கள். ரெக்கவரி, ஃபில் லைட் என்று இருந்த ஸ்லைடர்கள் போய் ஹைலைட்ஸ், ஷேடோஸ் வந்தன. அதற்கு முன்பு எடிட் செய்த படத்தை இன்றைய லைட்ரூமில் திறந்தாலும், நீங்களாக மாற்றாத வரை, அது பழைய முறையிலேயே நிற்கும். அதனால் பழைய எடிட் அப்படியே இருக்க ஒரு விர்ச்சுவல் காப்பி எடுத்து, அந்தக் கையாளும் முறையைக் குறிக்கும் பிராசஸ் வெர்ஷனைப் புதியதாக மாற்றி, எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். போய்விட்டது என்று நினைத்த வானத்தில் மேகம் திரும்பி வருவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி எடுத்து, மணல் கொட்டியது போல இருக்கிறதே என்று ஒதுக்கிய இரவுப் படங்களுக்கு 2023இல் லைட்ரூமில் வந்த, புள்ளிகளை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் உயிர் கொடுக்கும். அளவோடு போடுங்கள், முகத்தை மெழுகாக்கிவிடும். ரா இல்லை, ஜேபெக் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்றால் ஏற்கெனவே எடிட் செய்ததன் மேல் இன்னொரு எடிட் போடாமல், எடிட் குறைவாக உள்ள காப்பி எங்காவது கிடக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, 2011இல் எடுத்த படத்துக்கு 2011 என்றே எழுதுங்கள். ஊர் பெயரும் போடுங்கள். வருடம் தெரியாமல் புதியதோடு கலந்து வைத்தால், "போன படத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தவர் இதில் ஏன் தடுமாறுகிறார்" என்று பார்ப்பவர் குழம்புவார்.

எத்தனை படம் கொண்டுபோவது? பதினைந்து, அதிகபட்சம் இருபது. நான் அறுபது கொண்டுபோனேன், ஏனென்றால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கதை இருந்தது: இதற்காக மழையில் நான்கு மணி நேரம் நின்றேன், இது தாத்தா கடைசியாகச் சிரித்தது. நீங்கள் மழையில் நின்றது படத்துக்குள் தெரியாது. 1955 முதல் 1957 வரை அமெரிக்காவைச் சுற்றிய புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் எடுத்தவை ஏறக்குறைய 27,000 படங்கள், அவர் புத்தகத்தில் வைத்தது 83. அவர் விட்டவற்றிலும் கதைகள் இருந்திருக்கும்தானே. இடைவெளி விட்டவர்களுக்குப் பழைய படங்கள் போர்ட்ஃபோலியோ மட்டுமல்ல, குடும்ப ஆல்பமும்கூட. எனவே வெட்டும்போது வலிக்கும். வெட்ட முடியாதவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள், அழிக்க வேண்டாம், கொண்டுபோகவும் வேண்டாம்.

நம் ஊரில் எல்லோரும் எடுக்கும் சில படங்கள் உண்டு. குலசை தசராவில் காளி வேடம், கூவாகத்தில் தாலியறுப்பு நாளின் அழுகை, மாசியில் மயானக் கொள்ளை, காசிமேட்டில் விடிகாலைப் படகும் வலையும். 2010இல் அவை எனக்குப் புதிதாக இருந்தன. நான் இல்லாத வருடங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே போய் அதே இடத்தில் நின்று எடுத்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காளி வேடத்துக்குப் பக்கத்தில் யாரும் பார்க்காத எதையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று தேடுங்கள். நான் ஒதுக்கிய ஃப்ரேம்களில் வேடம் கலைத்துவிட்டு பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒருவர் இருந்தார், முகத்தில் பாதிச் சாயம் இன்னும் போகவில்லை. பத்து வருடத்துக்கு முன் அது எனக்குப் படமாகவே தெரியவில்லை.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறோம். வீட்டில் இருப்பவர்களும் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பும் "சூப்பர்" என்று சொல்வார்கள், அன்பு அது, அவ்வளவுதான். அதைவிட ஆபத்து, தொழில் நன்றாகத் தெரிந்த, ஆனால் நீங்கள் எடுப்பதிலிருந்து வேறு உலகத்தைச் சேர்ந்தவர். ஃபியாப், பிஎஸ்ஏ என்ற புகைப்பட அமைப்புகளின் அங்கீகாரத்தோடு நடக்கும் சலான் எனப்படும் போட்டிகளில் ஊறியவர், ஓரத்தில் நிற்கும் கம்பத்தை எடுத்துவிடச் சொல்லலாம். சித்திரம் போல அமைக்கும் பிரிவுகளில் அது நியாயமான யோசனை. அதே சலானில் இயற்கைப் பிரிவுக்கு அனுப்பும் படத்தில், க்ராப் செய்து விலக்கலாமே தவிர, எதையும் அழித்து எடுக்க விதியே அனுமதிக்காது. செய்திப் படம் எடுப்பவரோ கம்பத்தைத் தொடவே கூடாது என்பார், வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் கடைசிச் சுற்றுகளுக்கு வரும் படங்களின் அசல் ஃபைலையே கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார்கள். கல்யாணப் படம் எடுப்பவர் முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்பார், வாடிக்கையாளரோடு பழகிய கண் அது, அவர் வேலைக்கு அது சரி. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. இனிமேல் கல்யாணம் எடுக்கப் போகிறீர்களா, கண்காட்சிக்கா, பத்திரிகைக்கா, இல்லை மனத் திருப்திக்கா என்று நீங்கள் முடிவு செய்யாமல் போனால் மூன்று பேர் சொன்னதும் ஒன்றோடொன்று மோதி, கடைசியில் கேமரா திரும்பவும் அலமாரிக்குள் போய்விடும். என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது.

அப்புறம், "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான், "நல்லா இருக்கு". மரியாதைக்குச் சொல்வது அது. பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். இந்தப் பதினைந்தில் ஐந்தை எடுத்துவிடச் சொன்னால் எந்த ஐந்து? பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரே ஆள் தெரிகிறாரா? எந்தப் படத்தில் உங்கள் கண் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது? நான் அதிகம் பயன்படுத்துவது முதல் கேள்வியைத்தான். நல்லது கெட்டது என்று சொல்லத் தயங்குகிறவர்கள்கூட ஐந்தை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், எடுத்த பிறகு காரணமும் தானாக வந்துவிடும்.

உட்கார்ந்ததும் "ஏழு வருஷமா கேமரா தொடல சார், அதனால கொஞ்சம்…" என்று ஆரம்பிப்பதும் வேண்டாம். இதைச் சொன்ன நொடியில் எதிரில் இருப்பவர் படத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க ஆரம்பிக்கிறார், உங்கள் மனம் நோகாமல் என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறார். ஹூஸ்டன் நகரில் 1986இல் தொடங்கிய ஃபோட்டோஃபெஸ்ட் என்ற புகைப்பட விழாவில், நிபுணர்களிடம் நேரில் படங்களைக் காட்டும் போர்ட்ஃபோலியோ ரிவியூவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் 20 நிமிடம். அதில் ஐந்து நிமிடத்தை மன்னிப்புக் கேட்பதில் செலவழித்தால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். இடைவெளியைப் பற்றி அவரே கேட்டால் ஒரு வரியில் சொல்லுங்கள். அவர் படத்தைத் திருப்பும்போது பேசாமல் இருப்பது இன்னும் கஷ்டம், ஆனால் அதுதான் உங்களுக்கு அதிகம் சொல்லித்தரும். எந்தப் படத்தில் கை நின்றது, எதை வேகமாகத் தள்ளினார், எதற்குத் திரும்பி வந்தார் என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள், ஹெச்டி என்று அழுத்தினாலும் அது சுருக்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்து டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நேரில் போவதென்றால் பிரின்ட் போடுங்கள், 4க்கு 6 அளவில் சாதாரண லேபில் போட்டாலே போதும். பழைய கேமராவில் பிக்சல் போதாது என்ற கவலை வேண்டாம். டி90இன் 12 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் போட்டால்கூட ஏறக்குறைய 14க்கு 9 அங்குலம் வரும். பிரின்ட்டின் உண்மையான பயன் வேறு. தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைக்கலாம், இடம் மாற்றலாம், ஒன்றைக் கையில் எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைக்கலாம். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளும்போது எதன் பக்கத்தில் எது என்ற பேச்சே வராது.

கருத்துச் சொன்ன பிறகு வாதாடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய தவறு, வீட்டுக்குப் போனதும் அவர் சொன்ன அத்தனையையும் அன்றிரவே செய்து முடிப்பது. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். வேறு இரண்டு பேரிடமும் காட்டுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை யோசிக்கலாம், விடலாம். மூன்று பேரும் ஒரே படத்தில் தயங்கினால், மூவரும் வேறு வேறு காரணம் சொன்னாலும், அந்தப் படத்தில் ஏதோ சரியில்லை. "கேமராவை மாத்துங்க, இப்ப எல்லாரும் மிரர்லெஸ்" என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். இருபது புதிய படமாவது எடுத்து, எதில் கேமரா உண்மையிலேயே உங்களைத் தடுத்தது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம்.

ஒரே தடவையோடு விட்டுவிடாதீர்கள். நான்கு மாதம் கழித்து நான் அதே மூத்தவரிடம் பதினாறு பிரின்ட்டோடு போனேன். ஐந்து பழையவை, பதினொன்று புதியவை. புதியவை எல்லாம் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில் எடுத்தவை. அங்கே வேலை செய்யும் அம்மா கரிப்பெட்டியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக கேஸ் பெட்டிக்கு மாறிக்கொண்டிருந்தார். பெரியவர் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார், நான்கைத் தள்ளி வைத்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காளியை நடுவில் வைத்தார். பிறகு இஸ்திரிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "எல்லாமே காலை வெளிச்சமா இருக்கே, சாயங்காலம் அந்தச் சாம்பலை என்ன பண்றாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கே போய் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.