‘லீவ் அவுட்’ சரியாகச் சொல்வது எப்படி?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் முதல் வேலையில் சேரும் நம் பிள்ளைகளுக்கு ‘லீவ்’ என்றதும் விடுப்புதான் நினைவுக்கு வரும். ‘லீவ் அவுட்’ என்றால் ஒன்றைச் சேர்க்காமல் விடுவது. பட்டியலில் ஒரு பெயர், மெயிலில் ஒரு ஆள், குழம்பில் வெங்காயம், எதுவாகவும் இருக்கலாம்.

முதலில் காலம். நேற்று நடந்ததற்கு ‘லெஃப்ட் அவுட்’. ‘ஹேவ்’ முன்னால் வந்தாலும் அதே ‘லெஃப்ட் அவுட்’தான்.

அடுத்து சொல் வரிசை. அதிகம் பிசகுவது இங்கேதான். ‘ஷி லெஃப்ட் அவுட் தி டேட்’, ‘ஷி லெஃப்ட் தி டேட் அவுட்’ இரண்டும் சரி. ஆனால் இட், ஹிம், தெம் போன்ற சொற்கள் நடுவில்தான் உட்காரும்: ‘ஷி லெஃப்ட் இட் அவுட்’. ‘லெஃப்ட் அவுட் இட்’ தவறு. பேசும்போது அழுத்தம் ‘அவுட்’டில் விழும், ‘இட்’ அழுத்தமில்லாத சின்னச் சொல், கடைசி இடம் அதற்குப் பொருந்தாது. வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள், காதே பழகிவிடும்.

எதிலிருந்து விட்டோம் என்று சொல்ல ‘அவுட் ஆஃப்’ போடுங்கள்: ‘யூ லெஃப்ட் மை நேம் அவுட் ஆஃப் தி லிஸ்ட்’. தமிழில் ‘இலிருந்து’ என்பதால் ‘ஃப்ரம்’ என்று வாய் போகும், அதைத் தவிருங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். தமிழில் ‘விட்டுட்டேன்’ வேறு, ‘விட்டுப்போச்சு’ வேறு. ‘ஐ லெஃப்ட் யூ அவுட்’ என்பதில் அந்த வேறுபாடு தெரியாது. வேண்டுமென்றே ஒதுக்கியதாக மேலாளர் நினைக்கக்கூடும். ‘சாரி, ஐ லெஃப்ட் யூ அவுட் ஆஃப் தி மெயில் பை மிஸ்டேக்’ என்று முழுதாக எழுதுங்கள். ‘யுவர் நேம் காட் லெஃப்ட் அவுட்’ நம் ‘விட்டுப்போச்சு’க்கு மிக நெருக்கம், நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கன்னடத்தில் பேசிச் சிரிக்க, நமக்குப் புரியாமல் ஒதுங்கிப்போன உணர்வு வருமே, அது ‘ஐ ஃபெல்ட் லெஃப்ட் அவுட்’. யாரையும் நேரடியாகக் குறை சொல்லாமல் மனதைச் சொல்லிவிடும் நல்ல வாக்கியம் இது.

‘ஐ லெஃப்ட் தி மில்க் அவுட்’ என்றால் பாலை ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியே விட்டதாகவும் பொருள்படும். பேச்சு பாயசச் செய்முறையா, கெட்டுப்போன பாலா என்று பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

‘ரூல் அவுட்’டோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரத்தப் பரிசோதனை பார்த்து டெங்கு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தால் ‘தி டாக்டர் ரூல்ட் அவுட் டெங்கு’. அங்கே ‘லெஃப்ட் அவுட்’ போட்டால், டெங்குவைக் குறிப்பிடாமலே விட்டுவிட்டார் என்று ஆகிவிடும்.